தீபாவளிப் பரிசும் பிள்ளைகளின் ஆசையும்

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் இடத்தில், பதினைந்து வயது மகன் 650 வெள்ளிக் காலணியைக் காட்டுகிறான். பெற்றோர் என்ன செய்வது?

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். மலேசியாவில் 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. 26 வேலை நாட்களுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. அந்தச் சம்பளக்காரருக்கு அக்காலணி பத்து நாள் உழைப்பு அல்லவா? இதைக் கோபப்படாமல், தாளில் எழுதி மகனிடம் காட்டுங்கள்.

அடுத்து, உங்களால் முடிந்த தொகையைச் சொல்லிவிட்டு, தேர்வை அவனிடமே விடுங்கள். 150 வெள்ளி என்றால், அதே முத்திரையில் ஒரு தொப்பி வாங்கலாம். காலணிதான் வேண்டுமென்றால், பெரியவர்கள் தரும் அங்பாவ் பணத்தையும் சேர்த்து வைத்து, ஆண்டிறுதி மலிவு விற்பனையில் வாங்கட்டும்.

போலிப் பொருளை வாங்கித் தராதீர்கள்; நண்பர்கள் முன் கூசி நிற்கப்போகிறவன் அவன்தான். தவணைக் கடனும் வேண்டாம். தீபாவளி ஒரு நாளில் முடிந்துவிடும். தவணையோ மாதக்கணக்கில் தொடரும்.

வீட்டு வரவு செலவைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்வது கௌரவக் குறைவன்று. அவனைப் பெரியவனாக மதிக்கிறோம் என்பதற்கு அதுவே அடையாளம்.