பள்ளி இடம் மாறியது, கட்டடம் நிலைத்தது

சிங்கப்பூர் பிராஸ் பாசா சாலையில், இரு கைகளை விரித்ததுபோல் வளைந்து நிற்கும் வெள்ளைக் கட்டடத்தைப் பலர் கலை அரும்பொருளகமாகவே அறிவர். ஆனால் நூறாண்டுக்கும் மேலாக அது ஆண்பிள்ளைகள் படித்த கத்தோலிக்கப் பள்ளி.

பிரெஞ்சுப் பாதிரியார் பியூரல், பிரான்ஸ் வரை சென்று டி லா சால் அருட்சகோதரர்களை ஆசிரியர்களாக அழைத்து வந்தார். 1852இல் பழைய தேவாலயம் ஒன்றில் வகுப்புகள் தொடங்கின. நடுக்கட்டடம் 1867இல் முடிந்தது. பள்ளி பின்னர் செயின்ட் ஜோசப்ஸ் இன்ஸ்டிடியூஷன் எனப் பெயர் பெற்றது. வளைந்த பக்கக் கட்டடங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்ந்தன. அவற்றை வடிவமைத்தவரும் ஒரு பாதிரியார்தான், பெயர் சார்ல்ஸ் நேன்.

போர்க்காலத்தில் பள்ளி மருத்துவமனையானது. ஜப்பானியர் ஆட்சியில் புனிதர் பெயர் போய், சாலையின் பெயரே பள்ளிக்கு வந்தது. போர் முடிந்ததும் பழைய பெயர் திரும்பியது.

நகர நடுவில் விரிவடைய இடமில்லை. 1987இல் பள்ளி மால்கம் சாலைக்குப் புறப்பட்டது. காலியான கட்டடம் இடிபடவில்லை. 1992இல் தேசிய நினைவுச் சின்னமானது. 1996இல் அரும்பொருளகமாகத் திறக்கப்பட்டது. வகுப்பறைகள் ஓவியக் கூடங்களாயின.

முகப்பின் மேலே, இரு சிறுவர்களுடன் நிற்கும் டி லா சால் சிலையை மட்டும் அகற்றவில்லை. இது பிள்ளைகள் படித்த இடம் என்பதை நிமிர்ந்து பார்ப்பவருக்கு அது சொல்கிறது.