செண்டு போல் ஒரு டேலியா

கோடை விடுமுறையில் உதகைக்கோ கொடைக்கானலுக்கோ சென்று திரும்பிய குடும்பங்களின் நிழற்படங்களைப் பார்த்தால், பிள்ளைகளின் முகத்தைவிடப் பெரிதாக ஒரு பூ எங்கேனும் தலைநீட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அது டேலியாவாகவே இருக்கும். சாப்பாட்டுத் தட்டளவு விரியும் அந்தப் பெரிய பூக்களைப் பற்றி எழுத நாம் இங்கு முற்படவில்லை. அவற்றுக்கு அருகிலேயே, வருவோர் கண்ணில் எளிதில் படாமல், எலுமிச்சம்பழ அளவில் உருண்டு திரண்டு நிற்கும் தங்கை ஒருத்தி உண்டு. பொம்போன் டேலியா என்பது அவள் பெயர்.

இப்பெயரைச் சமவெளியில் வாழும் உறவினர் ஒருவருக்குக் கடிதத்தில் எழுதியபோது, "பாம்பனிலிருந்து பூச்செடி வரவழைத்திருக்கிறீர்களாமே, உப்புக் காற்றில் வளர்ந்தது மலையில் பிழைக்குமா?" என்று பதில் வந்தது. பாம்பனுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. தொப்பியின் உச்சியில் வைத்துத் தைக்கும் உருண்டையான நூற்குஞ்சத்தைப் பிரெஞ்சு மக்கள் பொம்போன் என்பர். பூவும் அவ்வாறே இருப்பதால் அதற்கும் அப்பெயர் வாய்த்தது. நம் தோட்டத்துக்கு வந்து உதவும் பெரியவர் இதனை 'உருண்டை டேலியா' என்றுதான் சொல்லுவார். தமிழில் செண்டு என்ற சொல்லுக்குப் பந்து என்றும் பொருள் உண்டு, பூங்கொத்து என்றும் பொருள் உண்டு. இரண்டு பொருளும் ஒருங்கே பொருந்தும் மலர் இதனைப்போல் வேறொன்று இராது.

டேலியாவின் ஒரு பூ, உண்மையில் ஒரு பூ அன்று. சூரியகாந்தி, சாமந்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததாகலின், சிறு பூக்கள் பல ஒரே மேடையில் நெருங்கி அமர்ந்த கூட்டம் அது. இதழ் என்று நாம் கிள்ளி எடுப்பது ஒவ்வொன்றும் தனித்தனிப் பூவே. மற்ற டேலியாக்களில் இவ்விதழ்கள் தட்டையாகவோ கூராகவோ விரியும். பொம்போனில் அவை தம் நீளம் முழுவதும் உட்புறமாகச் சுருண்டு, குட்டையான குழல்களாகி, தேனடையின் அறைகளைப் போல் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருக்கும். பூ முற்றும்போது கடைசி வரிசை இதழ்கள் காம்பை நோக்கிப் பின்புறம் மடிந்து உருண்டையை முழுமையாக்கும். இத்தகைய பூ ஒன்றைக் கையில் எடுத்து மெல்லத் திருப்பிப் பார்த்தால் அடுக்குகள் சுருள் சுருளாக ஓடுவது தெரியும். குழந்தைகளிடம் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். அரைமணி நேரம் வீடு அமைதியாக இருக்கும்.

இதன் அழகெல்லாம் இதன் சிறுமையில்தான் உள்ளது. இங்கிலாந்தின் தேசிய டேலியா சங்கம் வகுத்துள்ள விதிப்படி, பொம்போன் மலரின் குறுக்களவு 52 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. மலர்க் காட்சிகளில் நடுவர்கள் அந்த அளவில் செய்த வளையம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பூவின்மேல் நுழைத்துப் பார்ப்பர். பூ இடித்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளுபடிதான். பூ பெரிதாக வேண்டும் என்று உலகமெல்லாம் உரம் போட்டுக்கொண்டிருக்க, பெரிதாகிவிடக் கூடாதே என்று கவலைப்படுபவர் பொம்போன் வளர்ப்பவர் ஒருவரே!

டேலியாவின் தாயகம் மெக்ஸிகோவும் அதனை அடுத்த மத்திய அமெரிக்க மலைகளும் ஆகும். அங்கு வாழ்ந்த அஸ்டெக் மக்கள் இதன் துளையுள்ள தண்டை வைத்து இதற்குப் பெயரிட்டிருந்தனர். மெக்ஸிகோ நகரத் தாவரத் தோட்டத்திலிருந்து ஸ்பெயினின் மாட்ரிட் நகருக்கு 1789-இல் இதன் விதைகள் சென்றன. அவை பூத்தபின் 1791-இல் இச்செடிக்கு டேலியா என்று பெயரிட்டவர் அந்தோனியோ ஹோசே கவனியேஸ் என்னும் தாவர அறிஞர். அவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. தம் பெயரை வைக்காமல், லின்னேயஸின் மாணவரான சுவீடன் நாட்டு ஆந்திரேயாஸ் டாலின் நினைவாக அவர் அப்பெயரைச் சூட்டினார். டாலோ 1789-இலேயே காலமாகிவிட்டிருந்தார். பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியத் தோட்டக்காரர்கள் கைபட்டுப் பொம்போன் வகை உருவாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நார்மன் வில்லியம்ஸ் என்பவர் 'வில்லோஸ்' என்ற அடைமொழியோடு பல பொம்போன்களை உருவாக்கினார். அவற்றுள் 'வில்லோஸ் வயலட்' இன்றும் வளர்க்கப்படுகிறது.

நம் வீட்டுப் பொம்போனுக்கு இத்தகைய பெயர் எதுவும் கிடையாது. குன்னூரில் நாம் குடியேறிய புதிதில், அடுத்த வீட்டில் தனியே வாழ்ந்த மூதாட்டி ஒருவர், பழைய செய்தித்தாளில் சுற்றிய கிழங்குக் கொத்து ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "இது என் மாமியார் வைத்திருந்த செடி அம்மா. நிறம் நாவற்பழம் மாதிரி இருக்கும். நான் போனாலும் இது இருக்கட்டும்" என்றார். கொத்தைப் பிரித்துப் பார்த்தோம். சர்க்கரைவள்ளிக் கிழங்குபோல் எட்டுப் பத்துக் கிழங்குகள். பேராசை யாரை விட்டது! ஒவ்வொன்றாக ஒடித்தெடுத்துப் பத்து இடங்களில் நட்டோம். ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று. ஒரே ஓர் இடத்தில் மட்டும் முளை வந்தது. மற்றவற்றைத் தோண்டிப் பார்த்தால், கிழங்குகள் நட்டபடியே கொழுகொழுவென்று மண்ணுக்குள் படுத்திருந்தன. சிலவற்றில் வேர்கூட விட்டிருந்தது. முளை மட்டும் இல்லை.

பிழை நம்முடையதே. உருளைக்கிழங்கின் உடம்பெல்லாம் கண் இருக்கும். எங்கு வெட்டினாலும் முளைக்கும். டேலியாவின் கிழங்கு வெறும் உணவுக் களஞ்சியம். கண்கள் இருப்பது, பழைய தண்டும் கிழங்கின் கழுத்தும் கூடுகின்ற தூரில் மட்டுமே. ஆகவே பிரிக்கும்போது ஒவ்வொரு கிழங்கும் தன் கழுத்தோடு தூரின் ஒரு சிறு துண்டையும், அதில் ஒரு கண்ணையும் கொண்டு வருமாறு கூரிய கத்தியால் அறுக்க வேண்டும். கண் தெரியவில்லையா? ஈர மணலில் கொத்தைச் சில நாள் வைத்திருந்தால் கடுகளவில் சிவந்து புடைத்து அவை தாமே தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்றையும் அப்போது கற்றோம். கிழங்கு போனாலென்ன, விதை போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணி, தப்பிப் பிழைத்த அந்த ஒரு செடியில் அரிதாய்க் கிடைத்த விதைகளை மறு ஆண்டு விதைத்தோம். செடிகள் செழிப்பாக வந்தன. மஞ்சள், வெளிறிய சிவப்பு, ஊதா என்று பூத்தன. நடுவில் மஞ்சள் கண் தெரிய, எட்டு இதழோடு பல்லிளித்தன. ஒன்றுகூட உருண்டை இல்லை, ஒன்றுகூட நாவல் நிறம் இல்லை. பொதுவாகச் செடிகளின் உயிரணுவில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக இருக்கும். தோட்டத்து டேலியாவிலோ எட்டுத் தொகுதிகள் உள்ளன. சீட்டுக்கட்டு பெரிதாகப் பெரிதாக, கலைத்துப் போடும்போது அதே கை மீண்டும் வருவது அரிதல்லவா? அதுபோலத்தான் இதுவும். விதையிலிருந்து வருவது பிள்ளை. கிழங்கிலிருந்து வருவது அதே தாய். மூதாட்டியின் மாமியார் கையால் தண்ணீர் ஊற்றிய செடியும் நம் முற்றத்தில் நின்ற செடியும் ஒரே உயிர்தான். உலகில் எத்தனை டேலியா இருந்தாலும், இந்தக் கிழங்கு அழிந்தால் இந்தப் பூ இல்லை.

வளர்க்கும் முறையைச் சொல்வோம். நீர் தேங்காத, காலை வெயில் நன்கு விழும் இடம் வேண்டும். குன்னூர் போன்ற இடங்களில் மாசி மாதம் நட்டால் வைகாசியில் பூக்கத் தொடங்கும். ஏற்காட்டிலும் ஓசூரிலும் உள்ளவர்களும் முயலலாம். வெப்பம் மிகுந்த ஊர்களில் மார்கழி, தை மாதக் குளிரை நம்பித் தொட்டியில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் மலையில் காணும் பூவை அங்கே எதிர்பார்த்தல் வீண். இரண்டடிக்கு ஒரு குழி எடுத்து, மக்கிய எருவும் சிறிது எலும்புத்தூளும் கலந்து, கண் மேல்நோக்க நான்கைந்து அங்குல ஆழத்தில் கிழங்கைக் கிடத்த வேண்டும். ஊன்றுகோலை முதலில் நட்டுவிட்டுப் பிறகே கிழங்கை வையுங்கள்; பின்னால் நடுகிறவர்கள் கிழங்கின் வயிற்றிலேயே குத்திவிடுவார்கள். முளை வெளியே தெரியும்வரை தண்ணீர் ஊற்றும் கையைக் கட்டிப்போட வேண்டும். வேரில்லாக் கிழங்குக்கு ஈரம் மிகுந்தால் அழுகல்தான்.

மூன்று நான்கு இணை இலைகள் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் விரியும். இதற்குமேல்தான் பொம்போன் மற்ற டேலியாக்களிலிருந்து வேறுபடுகிறது. பெரும்பூ வேண்டுவோர் பக்க மொட்டுகளையெல்லாம் கிள்ளி எறிந்து ஒன்றை மட்டும் விடுவர். பொம்போனில் அவ்வாறு செய்தால் மிஞ்சிய மொட்டு கொழுத்து, இதழ் தளர்ந்து, நடுக்கண் தெரியும். எனவே மொட்டுகளை விட்டுவிட வேண்டும். பல பிள்ளைகள் பகிர்ந்து உண்ணும் வீட்டில் எவரும் கொழுப்பதில்லை. யூரியா போன்ற தழைச்சத்து உரங்களும் ஆகா. இலை காடாகும், காம்பு வளையும். அடுப்புச் சாம்பல் கிடைத்தால் ஒரு பிடி தூவலாம். வாடிய பூவை அன்றன்றே அகற்றினால் ஒரு செடி நான்கு மாதம் ஓயாமல் பூக்கும்.

நத்தைகள் இளந்தளிரை ஒரே இரவில் மொட்டையடித்துவிடும். விளக்கெடுத்துக்கொண்டு பொறுக்குவதே நாம் அறிந்த நல்ல மருந்து. அசுவினிப் பூச்சியை மட்டும் அலட்சியமாக எண்ணாதீர்கள். அது சாற்றை உறிஞ்சுவது ஒருபுறமிருக்க, நச்சுயிரி நோயை ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோகும். இலையில் வெளிறிய கோடுகள் ஓடி, செடி குன்றினால் அதற்கு வைத்தியம் இல்லை. கிழங்கிலும் அந்நோய் குடியிருக்கும். ஆசை பாராமல் பிடுங்கி எரிக்கத்தான் வேண்டும்.

பறிப்பதிலும் ஒரு முறை உண்டு. மொட்டாகப் பறித்து வைத்தால் டேலியா மலராது; முக்காலும் விரிந்த பூவை விடியற்காலையில் கொய்து, காம்பின் அடியைக் கை பொறுக்காத சூட்டு நீரில் இரண்டங்குலம் அமிழ்த்தி ஆறவிட்டுப் பின் குவளையில் வைத்தால் ஐந்து நாள் நிற்கும். மணம் கிடையாது. "வாசனையில்லாத பூவைத் தலையில் வைப்பதா?" என்று நம் தாயார் கடைசிவரை இதைத் தொட்டதில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் பித்தளைச் செம்பில் ஏழெட்டுப் பூக்களை வைத்தால், யாரும் சொல்லாமலே அந்தச் செம்புக்குத் தினமும் தண்ணீர் மாற்றியவரும் அவர்தாம்.

2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையை அங்குள்ளோர் மறக்கமாட்டார்கள். நிலச்சரிவுகளில் பலர் உயிரிழந்தனர், சாலைகள் அறுந்தன. அந்நாளில் பூச்செடியை யார் நினைத்தார்? மழை ஓய்ந்து பல நாட்களுக்குப் பிறகு தோட்டத்துப் பக்கம் போனோம். ஐப்பசி மழைக்கு முன்பே தோண்டி எடுத்து, துளையுள்ள தண்டிலுள்ள நீர் வடியுமாறு தலைகீழாக நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் வைத்திருக்க வேண்டிய கிழங்குகள் அவை. சோம்பலால் மண்ணிலேயே விட்டிருந்தோம். மண்வெட்டி போட்ட இடமெல்லாம் கூழாக வந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. மூதாட்டி இறந்து அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் வீட்டுத் தோட்டமிருந்த இடத்தில் வண்டி நிறுத்தச் சிமெண்டு போட்டிருந்தார்கள்.

இரண்டு கோடைகள் அந்தப் பூ இல்லாமலே கழிந்தன. அதன்பின் ஒருநாள், கோத்தகிரிச் சாலையில் பேருந்துக்குக் காத்திருந்தபோது, தகரக் கூரை வேய்ந்த ஒரு வீட்டின் வாசலில், எண்ணெய்த் தகரத்தில் நட்ட செடியில், நாவற்பழ நிறத்தில் நான்கு உருண்டைகள்! வேலியருகே சென்று நின்றோம். வீட்டுக்கார அம்மாள் வெளியே வந்து, நம்மை உற்றுப் பார்த்து, "நீங்கள் கொடுத்ததுதானே அம்மா? அந்தோணியார் திருவிழா அன்றைக்கு என் மகளிடம் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தீர்களே" என்றார். நமக்குச் சுத்தமாக நினைவில்லை. யார் யாருக்கோ கொடுத்திருந்தோம். அவர்களுள் ஒருவர் மகள் அவள். அடுத்த தை மாதத்தில் அந்த அம்மாளே நம் வீடு தேடி வந்து, மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தந்தார். இரண்டு கிழங்குகள். கழுத்தோடு, தூரோடு, ஒவ்வொன்றிலும் ஒரு கண் இருக்கும்படி அறுத்திருந்தார்.

இப்போது நம்மிடம் ஏழு செடிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் தை மாதத்தில் இரண்டு கொத்துகளை ஈர மணல் பெட்டியில் வைத்து, மூன்றங்குலம் வளரும் தளிர்களை அடியோடு கிள்ளி மணலில் ஊன்றுகிறோம். இரண்டு மூன்று வாரங்களில் வேர் பிடிக்கின்றன. அவ்வாறு வரும் கன்றுகள் நமக்கல்ல. சென்ற மாதம் கணக்கெடுத்துப் பார்த்தோம். கேத்தியில் இரண்டு வீடு, வெலிங்டனில் ஒன்று, கோத்தகிரியில் மூன்று, ஏற்காட்டில் ஒன்று. எந்த வீட்டுக்கு எந்த ஆண்டில் கொடுத்தோம் என்பதை இம்முறை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.