ஆங்கில நெடுஞ்சொற்களில் ஒரு நாலெழுத்து

ஆங்கிலம் கற்கப் புகும் நம் நாட்டு மாணாக்கர்க்கு அச்சம் விளைப்பன பல. அவற்றுள் தலையாயவை அம்மொழியின் நெடுஞ்சொற்களே. 13, 14 எழுத்துகள் தொடர்ந்து நிற்கும் சொல்லொன்றைக் காணுங்கால் நா தடுமாறும். மனமோ பொருளை நாடாது நெட்டுருவையே நாடும். பழனிமலைத் தொடரில், கோடைக்கானலுக்கும் மேற்கே, பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் கவுஞ்சியிற் பிறந்து, மலையிறங்கிக் கல்லூரிக்கு வந்த எனக்கு இவ்வச்சம் ஏனையோரினும் மிகுதியாயிருந்தது. அஃது எவ்வாறு நீங்கிற்று என்பதையும், இடையில் யான் அடைந்த இழுக்கையும் ஈண்டு உரைப்பது என்போன்றார்க்குப் பயன்படுமென எண்ணுகின்றேன்.

எங்கள் மலைத்தொடரில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது நீலக்குறிஞ்சி. 2018-ஆம் ஆண்டில் அது பூத்தபொழுது யான் சிறுவன். அச்செடியினத்துக்கு நூலோர் இட்ட பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் என்பதைக் கல்லூரி நூலகத்திலேதான் கண்டேன். ஆங்கிலத்தில் எழுதின் அப்பெயர் 13 எழுத்து. அகராதியோ அதனை இரு கூறாக்கிக் காட்டிற்று: 'ஸ்ட்ரோபிலொஸ்' என்பது கூம்பு, 'அந்தொஸ்' என்பது மலர், இரண்டும் கிரேக்க மொழிச் சொற்கள். நெடுஞ்சொல்லென்று அஞ்சியது 'கூம்பு மலர்' என்னும் எளிய தொடரேயாயிற்று! பதத்தைப் பகுபதம், பகாப்பதம் எனப் பிரித்து, பகுபதத்திற்குப் பகுதி முதலாய ஆறுறுப்புகளை வகுத்த பவணந்தியாரின் நன்னூலை நாள்தோறும் படித்தும், அம்முறையால் பிறமொழிச் சொல்லையும் நோக்கலாமென்பது அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

அன்று முதல், ஏ, என், டி, எச் என்னும் நான்கெழுத்தும் இம்முறையே சேர்ந்து நிற்கும் சொற்களைத் தேடலானேன். நம் செவ்வந்தியின் ஆங்கிலப் பெயர் கிரைசாந்திமம். அதுவும் 13 எழுத்துடையது. 'பொன்மலர்' என்பது பொருள். சூரியகாந்தியின் நூற்பெயர் ஹீலியாந்தஸ். ஹீலியொஸ் என்பது ஞாயிறாதலின், தமிழ்ப்பெயரும் கிரேக்கப் பெயரும் ஞாயிற்றையே சுட்டுகின்றன. மலைத்தோட்டங்களில் நீலநிறமாய்க் கொத்தாகப் பூப்பது அகபாந்தஸ். புதிய ஏற்பாட்டின் மூலமொழியில் அன்பைக் குறிக்கும் 'அகாபே' என்னும் சொல்லே அதன் முதற்கூறாகலின், அஃது அன்பு மலராம்.

இனி, தமிழ் மாணவர்க்கு இன்பம் தருவது ஆந்தாலஜி என்னும் சொல். தொகை நூலைக் குறிக்கும் இதன் அடிப்பொருள் 'மலர் கொய்து சேர்த்தல்' என்பதாம். கி. மு. முதல் நூற்றாண்டில் மெலியாகர் என்னும் கிரேக்கப் புலவர், பல புலவர் பாடல்களைத் தொகுத்து, ஒவ்வொருவரையும் ஒவ்வொரு பூவாக உருவகித்து, அத்தொகைக்கு மாலை எனப் பெயரிட்டார். பாமாலை என்னும் வழக்கு நமக்கும் உரியதன்றோ? குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைக் கோத்துக் காட்டிய கபிலரை இங்கு நினையாதிருத்தல் இயலுமோ?

நிற்க. இவ்வளவு கற்றதும் என்னுட் செருக்குப் புகுந்தது. அந்நான்கெழுத்து எங்கு வரினும் அங்குப் பூவுண்டு எனத் துணிந்தேன். ஒருநாள் வகுப்பில் ஃபிலாந்த்ரபிஸ்ட் என்னும் சொல்லின் பொருள் வினவப்பட்டது. முற்பகுதி அன்பு குறிப்பதென அறிவேனாதலின், சற்றும் தாழாது எழுந்து, 'பூக்களை விரும்புவோன்' என்றேன். வகுப்பு முழுதும் நகைத்தது. அன்றிரவு மீண்டும் அகராதியைப் புரட்டியபொழுதே என் பிழை புலனாயிற்று. எச் என்னும் எழுத்தின் பின் ஆர் நிற்பதை யான் நோக்கவில்லை. அங்குள்ளது அந்தொஸ் அன்று; மனிதன் எனப் பொருள்படும் 'ஆந்த்ரொபொஸ்' ஆகும். எனவே அச்சொல் மக்கள்பால் அன்புடைய ஈகையாளனைக் குறிக்கும். மானிடவியலாகிய ஆந்த்ரபாலஜியும், மக்களை வெறுப்போனைச் சுட்டும் மிசாந்த்ரோப்பும், மனிதரல்லாதவற்றுக்கு மனித இயல்பை ஏற்றியுரைத்தலாகிய ஆந்த்ரபமார்ஃபிசம் என்னும் 16 எழுத்துச் சொல்லும் இவ்வேரினவே.

அங்ஙனமாயின் ஆர் வருமிடமெல்லாம் மனிதனைக் கொள்ளலாமோ எனின், அதுவும் கூடாது. ஆந்த்ரசைட் என்பது ஒருவகை நிலக்கரி. கால்நடை வளர்ப்போர் அஞ்சும் அடைப்பான் நோய்க்கு ஆங்கிலத்தில் ஆந்த்ராக்ஸ் என்று பெயர். இவ்விரண்டற்கும் வேர் கரியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாம். அந்நோய் மனிதர் தோலிற் பற்றும்பொழுது கரிய புண் தோன்றுதலின் அப்பெயர் வந்தது. இனி, பாந்தியான் என்னும் ரோமாபுரிக் கோயிலின் பெயரிலோ இந்நான்கெழுத்தும் ஒரு சொல்லின் உறுப்பேயல்ல. 'எல்லாம்' எனப் பொருள்படும் பான் என்பதன் ஈறும், 'தெய்வம்' எனப் பொருள்படும் தியொஸ் என்பதன் முதலும் அடுத்து நின்றமையால் நேர்ந்த கூட்டம் அது.

இவற்றினும் வியப்புடையது அமராந்தஸ். நம் முளைக்கீரை, தண்டுக்கீரை முதலியவற்றின் இனப்பெயர் இது. 'வாடாதது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று வந்தது. ஆண்டு மலர் என்னும் சொல்லே இல்லை. மலரைக் குறிக்கும் அந்தொஸ் எனப் பிற்காலத்தார் மயங்கியமையால் எச் என்னும் எழுத்து இடையே புகுந்தது. பேதுருவின் முதல் நிருபத்தில் வாடாத முடியைக் குறிக்க வழங்குவதும் இச்சொல்லின் கிளையே. அக்கீரைக் குடும்பத்தைச் சார்ந்த பூவொன்றை நம் முன்னோர் வாடாமல்லி என்றனர். கடல் கடந்த இரு மொழியாரும் ஒன்றையே எண்ணினர் போலும்!

எழுத்தொப்புமை பொருளொப்புமை ஆகாதென்பது தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. தாமரை என்பது பூவுமாம். 'தாவுகின்ற மரை' எனப் பிரிந்து மானுமாம். வேங்கை என்பது மரமும் புலியுமாம். 'வேகின்ற கை' எனவும் பிரியும். இத்தகையவற்றை நம் இலக்கணத்தார் பொதுமொழி என்றனர். இதனைத் தமிழிற் படித்திருந்தும் ஆங்கிலத்தில் மறந்ததே என் பிழை.

ஆகவே, நெடுஞ்சொல்லைக் கண்டு அஞ்சற்க, பிரித்து நோக்குக. பிரித்தபின் விரைந்து துணியற்க. வேர் யாதென வினவுக. விடுமுறையில் ஊர் செல்லுங்கால் என் தம்பிக்கு இவ்விரண்டையும் கற்பித்து வருகின்றேன். குறிஞ்சி மீண்டும் பூப்பது 2030-ஆம் ஆண்டில். அதற்குள் அவன் அதன் நூற்பெயரைத் தடுமாறாது படித்து, பொருளும் உரைப்பான் என்று நம்புகின்றேன்.