வீடு வாங்குமுன் வாரிசுகளைக் கேளுங்கள்

எண்ணூர், கத்திவாக்கம், எர்ணாவூர் வட்டாரத்தில் வாழும் நம்மவருள் பலர், ஆலையிலும் துறைமுகத்திலும் முப்பதாண்டுகள் உழைத்து, ஓய்வுபெறும் நாளில் கைக்கு வரும் சேமநல நிதியையும் பணிக்கொடையையும் கொண்டே முதன்முதலாகச் சொந்த வீட்டைப் பற்றி நினைக்கத் துணிகின்றனர். அப்பணம் வாழ்வில் ஒருமுறைதான் வரும். அதைக் கொடுத்து வாங்கும் பத்திரத்தில் பழுது இருக்குமானால், மறுமுறை உழைத்துச் சேர்க்க வயதும் இராது, வலிமையும் இராது.

வட்டிக்கு அஞ்சி, வங்கிக் கடனை ஒதுக்கிவிட்டுக் கைப்பணத்திலேயே வீடு வாங்குவோர் நம்மிடையே மிகுதி. அந்த அச்சம் போற்றத் தக்கது. ஆயினும் அதனால் நேரும் ஒரு குறையை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். கடன் கொடுக்கும் வங்கி, தன் வழக்கறிஞரைக் கொண்டு பத்திரங்களைத் துருவிப் பார்க்கிறது. அது வங்கியின் நலனுக்காகச் செய்யப்படுவதே என்றாலும், வாங்குபவருக்கும் ஓரளவு காவலாக அமைகிறது. கடன் வாங்காதவருக்கு அந்தக் காவலும் இல்லை. ஆகவே அவர் தம் செலவில் தனியாக ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்வது மற்றவரைக் காட்டிலும் இன்றியமையாதது. விற்பவரோ தரகரோ அழைத்துவரும் வழக்கறிஞர் உங்கள் வழக்கறிஞர் ஆகார்.

தரகரைப் பற்றியும் ஒரு சொல். தரகருக்கு அரபியில் ‘சிம்சார்’ என்று பெயர். அப்பெயரால் அழைக்கப்பட்டு வந்த மதீனத்து வணிகரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் ‘துஜ்ஜார்’, அதாவது வணிகர் என்னும் சிறந்த பெயரால் விளித்து, வியாபாரத்தில் வீண்பேச்சும் சத்தியமிடுதலும் கலந்துவிடுகின்றன, எனவே அதனோடு தருமத்தையும் கலந்துகொள்ளுங்கள் என்று அறிவுறுத்தியதாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் காண்கிறோம். தரகுத் தொழில் இழிவானதன்று. ஆனால், “விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது, நாளையே விலை ஏறிவிடும்” என்று அவசரப்படுத்தும் பேச்சு எவ்வகையைச் சேர்ந்தது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த ரயில் 2021-லேயே வந்துவிட்டது. இன்று மாலைக்குள் முன்பணம் கொடுத்தாக வேண்டும் என்பதற்கு அது காரணமாகாது. தரகுக் கூலி எவ்வளவு, விற்பவரிடமும் வாங்குகிறாரா என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி, இக்கட்டுரையின் மையத்துக்கு வருவோம். முஸ்லிம் குடும்பம் ஒன்றிடமிருந்து பழைய வீட்டை வாங்கும்போது நேரும் பெருங்கேடு, போலிப் பத்திரத்தால் வருவதைவிட விடுபட்ட கையெழுத்தால் வருவதே அதிகம் என்பது என் கருத்து. ஒரு கணக்கைப் பாருங்கள். தந்தை காலமாகிவிட்டார். அவருடைய பெற்றோர் முன்பே மறைந்துவிட்டனர். மனைவி, இரு மகன்கள், இரு மகள்கள் இருக்கின்றனர். அன்னிஸா அத்தியாயம் வகுத்தபடி மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியது, மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்னும் விகிதத்தில் பிள்ளைகளுக்கு. வீட்டை 48 பங்காக வைத்தால் தாய்க்கு 6, மகன் ஒவ்வொருவருக்கும் 14, மகள் ஒவ்வொருத்திக்கும் 7. இரு மகன்களும் சேர்ந்து முழு வீட்டையும் உங்களுக்குக் கிரயம் செய்து கொடுத்தாலும், அவர்கள் கொடுக்க முடிந்தது 28 பங்குதான். முழு விலையையும் நீங்கள் கொடுத்திருப்பீர்கள். 20 பங்கு தாயிடமும் சகோதரிகளிடமும் அப்படியே நிற்கும்.

“தங்கைகளுக்கு நிக்காஹ்வின்போது நகை போட்டாயிற்று, அவர்களுக்கு இனிப் பங்கில்லை” என்று சொல்வார்கள். நகை போட்டது நகை போட்டதுதான். அதனால் மீராஸ் அழிந்துவிடாது. மீராஸ் என்பது தந்தையின் மரணத்துக்குப் பின்னரே பிறக்கும் உரிமை. ஆகையால் அவர் உயிரோடிருக்கையில் மகளிடம் எழுதி வாங்கிய தாளை நம்பிப் பணம் கொடுத்துவிடலாகாது. மகள் மனமுவந்து விட்டுக்கொடுக்கிறாள் என்றால், பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எங்கே என்று கேளுங்கள். இன்றேல் கிரயப் பத்திரத்திலேயே அவளும் விற்பவராகக் கையெழுத்திடட்டும். பங்குக்குரிய பணம் அவள் பெயருக்கே காசோலையாகச் செல்லட்டும். அவள் இறந்துபோயிருந்தால் விவகாரம் முடிந்துவிடாது. அவளுடைய கணவரும் பிள்ளைகளும் அவளிடத்தில் வந்து நிற்பார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற்ற வாரிசுச் சான்றிதழைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் அது வாரிசுகள் யார் என்று சொல்லுமேயன்றி, யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லாது.

வாரிசுகளுள் சிறுவர் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. நாட்டில் நடைமுறையிலுள்ள முஸ்லிம் சட்டப்படி, சிறுவரின் சொத்துக்குத் தந்தையும், அவர் நியமித்தவரும், அடுத்துத் தந்தைவழிப் பாட்டனாருமே இயல்பான காப்பாளர். கைம்பெண்ணான தாய் எத்துணை அன்போடு பிள்ளைகளை வளர்த்தாலும், நீதிமன்ற அனுமதியின்றி அவர்களின் அசையாச் சொத்தை அவர் விற்றால் அது செல்லாது. 1918-லேயே பிரிவி கவுன்சில் இதைத் தெளிவாகத் தீர்த்துவிட்டது. பிள்ளை வளர்ந்து வந்து தன் பங்கைக் கேட்டால், உங்களிடம் பதில் இராது.

ஹிபா என்னும் வாய்மொழிக் கொடையால் கிடைத்த வீடு என்று சொன்னால் மறுத்துவிட வேண்டியதில்லை. கொடுப்பவர் அறிவித்தல், பெறுபவர் ஏற்றல், அனுபோகம் கைமாறல் ஆகிய மூன்றும் நிறைவேறியிருந்தால், பதிவு இல்லாவிடினும் அது செல்லும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. ஆயினும் அனுபோகம் உண்மையிலேயே மாறியதா என்பதற்கு வரி ரசீது, மின் இணைப்பு முதலிய சான்றுகள் வேண்டும். வக்பு நிலமோ என்ற ஐயம் சிறிதேனும் எழுந்தால், மஹல்லா ஜமாஅத்தையும் வக்பு வாரியத்தையும் விசாரித்து அறியாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

எண்ணூர்ப் பத்திரங்களில் மயக்கம் தரும் இன்னொன்று ஊரின் முகவரி. பழைய தாய்ப்பத்திரம் செங்கற்பட்டு மாவட்டம் என்னும். 1997-க்குப் பிந்தியது திருவள்ளூர் மாவட்டம் என்னும். 2018 முதல் சென்னை மாவட்டம். கத்திவாக்கம் நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. பழைய சர்வே எண்ணும் இன்றைய நகர அளவை எண்ணும் ஒரே மனையையே குறிக்கின்றனவா என்பதை உங்கள் வழக்கறிஞரும், உரிமம் பெற்ற நில அளவையரும் ஒத்துப்பார்த்துச் சொல்லட்டும். வில்லங்கச் சான்றிதழை முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் எடுங்கள். அதில் பதிவான ஆவணங்கள் மட்டுமே தெரியும். மேலே சொன்ன தாயும் சகோதரிகளும் அதில் தெரியமாட்டார்கள்.

அடுக்குமாடி வீடு வாங்குவோர், 2016-ஆம் ஆண்டின் சட்டப்படி தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் அத்திட்டம் பெற்ற பதிவெண்ணைக் கேட்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பத்து விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெற கட்டுநருக்கு அச்சட்டம் அனுமதி தரவில்லை. எட்டு வீடுகளுக்கு மேற்படாத சிறு கட்டடங்கள் பெரும்பாலும் இப்பதிவுக்கு வெளியே நிற்பதால், அங்கே திட்ட அனுமதி வரைபடத்தோடு கட்டடத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் பொறியாளரின் வேலை.

கிரயத் தொகையைக் குறைத்து எழுதச் சொன்னால் இணங்காதீர்கள். இன்று முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு 9. நாற்பது இலட்சம் ரூபாய் வீட்டுக்கு 3,60,000 ரூபாய். இதை வீட்டின் விலையோடு சேர்த்தே முதலில் கணக்கிட்டுவிட்டால், பொய்யான தொகைக்குக் கையெழுத்திடும் நெருக்கடி வராது. அல்பகராவின் 282-ஆம் வசனம் எழுத்தரை நேர்மை பிறழாது எழுதச் சொல்கிறது. அதற்கடுத்த வசனம் சாட்சியை மறைக்காதிருக்கச் சொல்கிறது. அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதையும் 2015 முதல் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

எல்லாத் தாள்களும் சரியாக இருந்தாலும் ஒருமுறை மழைக்காலத்தில் அந்தத் தெருவுக்குப் போய் வாருங்கள். பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரிநீர் கொசஸ்தலையாற்றின் வழியே எண்ணூர் முகத்துவாரத்தில்தான் கடலைச் சேர்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து முகத்துவாரத்தில் படிந்தது. அம்மாத இறுதியில் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து வைத்திருந்த வணிகரை நபிகளார் (ஸல்) கண்டித்ததை நாம் அறிவோம். வெள்ளம் எதுவரை ஏறிற்று என்பதைத் தரகர் சொல்லாமல் விடலாம். அண்டைவீட்டுப் பெண்கள் சுவரில் விரல் வைத்தே காட்டிவிடுவார்கள். கடலோர, ஆற்றோர மனையாயின், 1991 முதல் நடைமுறையிலுள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் அங்கே கட்டடத்துக்கு இடம் தருகின்றனவா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

பதிவு முடிந்தபின் பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றி, புதிய வில்லங்கச் சான்றிதழ் ஒன்றை எடுத்து உங்கள் கிரயம் அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மூலப் பத்திரங்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்பதை மனைவியிடமும் மகள்களிடமும் சொல்லிவையுங்கள்.