சத்திரசிகிச்சைக்குப் பின் ஒரு மார்பகம் மட்டும் பெருப்பது ஏன்?

அழகுச் சத்திரசிகிச்சை என்றாலே கொழும்பில் வசதியானவர்கள் செய்துகொள்ளும் விடயம் என்று பலர் நினைக்கிறோம். புற்றுநோயால் ஒரு மார்பகத்தை இழந்த பெண்ணுக்கு மற்றதுக்குச் சமனாக ஒன்றை உருவாக்கிக் கொடுப்பதும் அதே துறையின் வேலைதான். இலங்கைப் பெண்களிடையே அதிகமாகக் கண்டறியப்படுவது மார்பகப் புற்றுநோய். பேசாலை, நானாட்டான் பக்கத்திலிருந்து மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ, 2011 நடைபயணத்தில் சேர்த்த நிதியால் தெல்லிப்பழையில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலைக்கோ அலைந்து சிகிச்சை முடித்தவர்களுக்கு, பிறகு ஒரு பக்கம் பெரிதாகத் தெரிந்தால் முதலில் வருவது “வருத்தம் திரும்பிவிட்டதா” என்ற பயம். அதை வெளியே சொல்லவும் மாட்டார்கள்.

பல வேளைகளில் காரணம் உடல் நிறை. மார்பகம் பால் சுரப்பிகளாலும் கொழுப்பாலும் ஆனது. நிறை கூடினால் அந்தக் கொழுப்பு கூடும், மெலிந்தால் வற்றும். உள்ளே வைத்த சிலிக்கன் பை அப்படி மாறாது. எனவே பத்துக் கிலோ மெலிந்தவரின் இயற்கையான பக்கம் தளர்ந்து தொங்க, மற்றது அப்படியே நிற்கும். வயிற்றுக் கொழுப்பை எடுத்து உருவாக்கிய மார்பகமோ வயிற்றின் குணத்தை விடாது. வயிறு வைக்கும்போது அதுவும் பருக்கும். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சை செய்திருந்தால் அந்தப் பக்கம் இறுகிச் சுருங்கலாம். நிறை கூடும்போது பெருப்பது பெரும்பாலும் மற்றப் பக்கம்தான்.

சிகிச்சையே நிறையைக் கூட்டுவதும் உண்டு. கீமோவுடன் தரும் ஸ்டீரொய்ட், முன்கூட்டியே நின்றுவிடும் மாதவிடாய், களைப்பால் குறையும் நடமாட்டம். “வருத்தக்காரி, நல்லாச் சாப்பிடு” என்ற நம் வீடுகளின் அன்பும் சேரும். அக்குளில் நிணநீர்க் கணு எடுத்தவர்களுக்கு நிறை கூடினால் அந்தக் கை வீங்கும் அபாயமும் கூடும்.

ஆகவேதான் நிறை சில மாதங்களாவது ஒரே அளவில் நின்றபின் சமப்படுத்தும் சத்திரசிகிச்சையைச் செய்ய வைத்தியர்கள் விரும்புகிறார்கள். உள்ளாடைக்குள் செயற்கை மார்பகம் வைப்பவர்கள், நிறை மாறினால் அளவு பார்த்து அதை மாற்றவேண்டும்.

எல்லாவற்றையும் நிறையின் தலையில் போடவும் கூடாது. நிறை மாறாமலே ஒரு பக்கம் மாறினால், அல்லது புதிய கட்டி, தோலில் குழிவு, முலைக்காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு, அக்குளில் வீக்கம் இருந்தால், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்கவேண்டாம்.

நெஞ்சில் ஷெல் துண்டுகளோடு வாழ்பவர்கள் அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பழைய காயத்தின் தழும்பு மமோகிராமில் கட்டிபோலத் தோன்றலாம். எம்.ஆர்.ஐ. செய்வதென்றால் உலோகத் துண்டு இருப்பது அவர்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும். எப்போது, எங்கே வைத்துக் காயப்பட்டீர்கள் என்று விளக்கத் தேவையில்லை. உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொன்னால் போதும்.