தோட்டாவுக்குத் தப்பியும் தேறாதவர்கள்

இரண்டாம் உலகப்போர் நடந்த 1943-ஆம் ஆண்டில், பர்மா முனையில் குண்டடி பட்டு ஒரு வீரர் ஆஸ்பத்திரிக்கு வந்தால், நோயில் விழுந்து 120 பேர் வந்தார்கள். பிரிட்டனின் 14-வது ராணுவத்துக்குத் தலைமை தாங்கிய வில்லியம் ஸ்லிம் எழுதிவைத்த கணக்கு இது. மலேரியாவுக்கு மெபாக்ரின் என்ற மாத்திரை இருந்தது. ஆனால் அதைத் தின்றால் தோல் மஞ்சளாகும். ஆண்மையே போய்விடும் என்று புரளி வேறு! பலர் விழுங்கவில்லை. ஸ்லிம் திடீர்ச் சோதனை வைத்து மூன்று தளபதிகளின் பதவியைப் பறித்தார். மற்றவர்கள் தாமாகவே வழிக்கு வந்தார்கள்.

மாத்திரைக்கு அடங்காத தேய்மானமும் இருந்தது. பிரிட்டிஷ் தளபதி ஆர்ட் விங்கேட்டின் 'சிண்டிட்' படையினரைக் கேட்டால் தெரியும்.

எதிரியான ஜப்பானியரின் முதுகுப்புறம் புகுந்து ரயில் பாதைகளைத் தகர்ப்பது அவர்கள் வேலை. 1943 பிப்ரவரியில் சுமார் 3,000 பேர் சிந்த்வின் ஆற்றைக் கடந்தார்கள். ஒவ்வொருவர் முதுகிலும் முப்பது கிலோ மூட்டை. சாப்பாடு விமானத்திலிருந்து விழ வேண்டும். விழாத நாட்களில் மூட்டை சுமந்த கோவேறு கழுதையே கறியானது. நடக்க முடியாதவரைத் தூக்கிச் செல்ல ஆளில்லை. வழியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்த சுமார் 2,180 பேரில் 600 பேர் அதன்பின் போர்முனைக்கு லாயக்கற்றுப் போனார்கள்.

இவ்வளவு பார்த்த பிறகும், அடுத்த ஆண்டு இன்னும் பெரிய படை உள்ளே போனது. இந்த முறை தீனி, அமெரிக்க கே-ரேஷன்: வேளைக்கு ஒரு சின்னப் பெட்டி. உள்ளே கையகல டப்பாவில் இறைச்சியோ சீஸோ, பிஸ்கட், சர்க்கரை, எலுமிச்சைப் பொடி, நான்கு சிகரெட். நாளுக்குச் சுமார் 2,800 கலோரி. பாராசூட் வீரர்கள் சில நாள் தாக்குப்பிடிக்கத் தயாரித்த உணவு அது. அதையே மாதக்கணக்கில் தின்றபடி மலையேறினார்கள். மே மாதம் மழை பிடித்துக்கொண்டது. காயாத பூட்ஸுக்குள் பாதம் வெந்தது. அட்டை கடித்த இடமெல்லாம் புண்ணானது. சீதபேதியோடும் காய்ச்சலோடும் ரோந்து போனார்கள்.

'பிளாக்பூல்' என்று பெயரிட்ட அரணை, சிண்டிட் படையின் 111-வது பிரிகேட் மே 25 அன்று கைவிட்டது. தூக்கிச் செல்ல முடியாத, பிழைக்கவும் வழியில்லாத 19 பேரை எதிரி கையில் விட மனமில்லாமல், சுட்டுவிட உத்தரவிட்டார் பிரிகேடின் தளபதி ஜான் மாஸ்டர்ஸ். பின்னாளில் 'பவானி ஜங்ஷன்' நாவலை எழுதினாரே, அவரேதான்.

தொண்ணூறு நாளுக்கு மேல் ஒரு படையை இப்படிக் காட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது விங்கேட் வகுத்த கணக்கு. அவர் மார்ச் 24 அன்று விமான விபத்தில் இறந்துபோனார். மே மாதம் பொறுப்புக்கு வந்த அமெரிக்கத் தளபதி ஜோசப் ஸ்டில்வெல், படையை வெளியே எடுக்க மனம் வைக்கவில்லை. தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன் தலையிட்ட பிறகே மருத்துவப் பரிசோதனை நடந்தது. 111-வது பிரிகேடில் சுமார் 2,200 பேரைச் சோதித்ததில் தேறியவர்கள் 118 பேர்!

சொந்த நாட்டு வீரர்களிடமும் ஸ்டில்வெல் இரக்கம் காட்டவில்லை. ஏறக்குறைய 3,000 பேரோடு கிளம்பிய 'மெரில்ஸ் மராடர்ஸ்' படையில் கடைசியில் சண்டைக்குத் தகுதியோடு மிஞ்சியவர்கள் சுமார் 200 பேரே. அவர்கள் பிடிக்கப் போரிட்ட மியிட்சினா நகரம் ஆகஸ்ட் 3 அன்று விழுந்தது. ஒரே வாரத்தில் அந்தப் படையையே கலைத்துவிட்டார்கள்.