பகல் உள்ளபோதே

பொதிகையிற் பிறந்து புன்னைக்காயலை அடுத்துக் கடலொடு கலக்கும் பொருநையாறு நம் நெல்லை நாட்டின் செவிலித்தாய் ஆவாள். தென்மேற்குப் பருவமழை பெய்யுங்கால் அவள் நீரால் கார் விளையும். வடகிழக்குப் பருவமழையாற் பிசானம் விளையும். ஆற்றின் குறுக்கே அணைக்கட்டுகள் எட்டு உள. அவற்றுள் இறுதியானது திருவைகுண்டத்து அணை. அதனையுங் கடந்த நீரை மீட்டு வயலிற் பாய்ச்சுதல் எவர்க்கும் இயலாது. ஆதலின் நம் உழவர் நீர் வருமுன்னரே வாய்க்காலைச் செப்பஞ் செய்து, வந்த அன்றே மடை திறப்பர். முறைநாளில் உறங்கினவன் வயல் காய்தல் திண்ணம்.

கடவுட்பணிக்கு நமக்கு அளிக்கப்பட்ட காலமும் அத்தகையதே. பிறவிக்குருடன் ஒருவனைக் கண்ட சீடர், அவன் குறைக்குக் காரணம் யார் செய்த பாவம் என்று வினவி நின்றனர். ஆண்டவரோ, இரவு வருமுன் செய்யவேண்டிய பணியை அவர்க்கு நினைவுறுத்தி, அவன் கண்களைத் திறந்தருளினார். வினாவோடு நின்றுவிடுதல் எளிது. எதிர்ப்பட்டவனுக்கு அப்பொழுதே உதவுதல் அரிது. இவ்விரைவு பதற்றம் அன்று. பதற்றம் ஆயத்தமின்றி ஓடும். விரைவோ ஆயத்தத்தோடு எழும். இவ்வேற்றுமையை நம் நாட்டு வரலாறு ஒன்றால் விளக்குதும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் கணிதத்திற் சிறந்து விளங்கிய ராக்லண்டு ஐயர், சென்னையிற் சர்ச் மிஷன் சங்கத்தின் செயலாளராய் இருந்தார். அக்காலத்தே நெல்லை நாட்டின் தென்பகுதியிற் சபைகள் பல பெருகியிருந்தன. பொருநைநீர் எட்டாத வடபகுதிக் கரிசற் சீமையிலோ, நற்செய்தி கேளாத ஊர்கள் மிகுதியாய் இருந்தன. ஐயர் நுரையீரல் நோயால் நலிந்தவர். ஓய்வு கொண்டிருந்தால் அவரைக் குறைகூறுவார் இலர். எனினும் 1854-இல் அவர் தோழரோடு வடநெல்லை புகுந்து, கூடாரமே இல்லமாக ஊர்தோறும் பெயர்ந்து சென்று போதித்தார். மக்கள் தம்மை நாடி வருமளவுங் காத்திராது, தாமே அவர்பாற் செல்லுதலே அவர் கொண்ட முறை. தென்பகுதிச் சபையாரும் தம் உபதேசிமாரை மாதமுறையாக அனுப்பித் துணைபுரிந்தனர். 1858 அக்டோபர் 22-இல், தம் நாற்பத்துமூன்றாம் வயதில், ஐயர் சிவகாசியில் உயிர்துறந்தார். அப்பணிக்கு அவர் பெற்ற காலம் ஐந்தாண்டும் நிரம்பாதது. உடல் தேறுக என்று காத்திருந்தாராயின், அதுவும் கழிந்திருக்கும்.

வித்து வீண்போகவில்லை. 1903-இல் நெல்லைத் திருச்சபையார் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கத்தை நிறுவித் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லிற் பணி தொடங்கினர். அதனை நிறுவுதற்கு முன்நின்றவருள் ஒருவர் வெள்ளாளன்விளையிற் பிறந்த அசரியா. அன்று அவர்க்கு ஆண்டு இருபத்தெட்டே. 1912-இல் அவர் அத்தோர்ணக்கல்லுக்கே அத்தியட்சராய் அபிடேகம் பெற்றார்.

நிற்க, பிறர் பெருமை பேசுதல் எளிது. எம் குறையையும் ஈண்டுக் கூறுதல் கடன். யாம் தங்கியிருந்த விடுதியின் அடுக்களையில் முதியவர் ஒருவர் பணிபுரிந்தார். யோவான் எழுதிய நற்செய்தியைத் தாமே வாசித்தல் வேண்டும் என்பது அவர் விருப்பம். எழுத்தறிவிக்குமாறு எம்மை வேண்டினார். தொல்காப்பியத்து எழுத்ததிகாரத்தை உருப்போட்டுக்கொண்டிருந்த யாம், “தேர்வு முடியட்டும், தாத்தா” என்றோம். அவரும் நகைத்து, “சரி, தம்பி” என்றார். தேர்வு முடிந்தது, விடுமுறையும் கழிந்தது. யாம் மீண்டு வந்தபொழுது அடுக்களையில் வேறொருவர் இருந்தார். முதியவரை முந்தின வாரமே அடக்கஞ் செய்துவிட்டனர். நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்கியிருப்பின், அவர் ஓரதிகாரமேனும் வாசித்திருப்பார். அத்தேர்வில் யாம் பெற்ற எண்கள் இன்று எமக்கு நினைவில் இல்லை. அவர் நகைத்த முகமோ மறக்கவில்லை.

அன்பர்காள்! பட்டம் பெற்றபின், பதவி பெற்றபின், இல்லறத்தில் அமர்ந்தபின் பணிசெய்வோம் என்று நாமெல்லாம் எண்ணுகின்றோம். பணி பெரிதாயிருத்தல் வேண்டும் என்பதன்று. நோயுற்ற தோழனைக் காண்டலும், ஏழைச் சிறுவனுக்கு எழுத்தறிவித்தலும், பகைத்தவனோடு ஒப்புரவாதலும் இன்றே இயல்வன. நம் வாய்க்காலில் இப்பொழுது நீர் ஓடுகின்றது. மடை திறக்கும் மனத்தை இறைவன் நமக்கு அருள்வாராக.